பதினைந்து நாள் தங்கிய நரம்பியல் பிரிவு: தண்டுவட அழற்சிக்கான சிகிச்சை குறித்து

உசிலம்பட்டியில் இருக்கும் என் மாமனாருக்கு விலாவிலிருந்து தொப்புள் வரை அக்கி வந்தபோது, ஊர் வழக்கப்படி வேளாரிடம் காவியால் அக்கி எழுதிக்கொண்டு, கொப்புளம் காய்ந்ததும் அதை மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்து இரு கால்களும் தளர்ந்து, தொப்புளுக்குக் கீழே மரத்து, சிறுநீரும் பிரியாமல் போன பிறகுதான், வைகையின் வடகரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அவரைக் கொண்டுவந்தோம்.

நோய்க்குக் காரணம் தேடுவதில் இப்பிரிவு காட்டிய பொறுமையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தழும்பைப் பார்த்த மருத்துவர் அக்கி எழுதிய கதையை முழுவதும் கேட்டார். சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமியே நரம்பு வேர்களில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து அக்கியாக எழுகிறது என்றும், அரிதாக அது தண்டுவடத்துக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்கும் என்றும் விளக்கினார். ஆனால் அந்த ஊகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. காசநோய் அரித்த எலும்போ கட்டியோ தண்டுவடத்தை அழுத்தினால் சிகிச்சையே வேறாகிவிடும் என்பதால், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து அவை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். வீக்கம் 3 முள்ளெலும்புகளுக்கு மேல் நீண்டிருந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே தண்டுவடத்தைத் தாக்கும் நோயாகவும் அது இருக்கலாம் என்று அதைக் காட்டிக்கொடுக்கும் அக்குவாபோரின்-4 எதிர்பொருள் சோதனைக்கு ரத்தம் எடுத்தார். லூபஸ் (எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் இன்னொரு நோய்), சிபிலிஸ் (மேகநோய்), எச்.ஐ.வி., பி12 குறைபாடு ஆகியவற்றுக்கும் சோதனை நடந்தது. எச்.ஐ.வி. என்றதும் மாமியாரின் முகம் வாடியதைக் கவனித்த செவிலியர், அவரைத் தனியே அழைத்து, இந்த நோய்க்கு எல்லோருக்கும் செய்யும் சோதனைதான் என்று பக்குவமாகச் சொன்னது மறக்க முடியாதது.

முதுகில் ஊசியிட்டு எடுத்த தண்டுவட நீரில் அக்கிக் கிருமியே தென்பட்டது. அந்தக் கிருமியை ஒடுக்கும் அசைக்ளோவிர் 14 நாளும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டான மெத்தில்பிரெட்னிசோலோன் நாளுக்கு 1 கிராம் வீதம் 5 நாளும் ரத்தக்குழாய் வழியே ஏற்றினார்கள்.

குறைகளும் உண்டு. எதிர்பொருள் சோதனை வெளி ஆய்வகத்துக்குப் போகிறது என்பதையும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் பில் கையில் வந்த பிறகே அறிந்தோம். சிறுநீர்க் குழாயை வீட்டில் பராமரிக்கும் முறையை ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிட்டுத் தந்தார்கள். மாமியாருக்காக நான் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். இயன்முறைப் பயிற்சி காலையில் மட்டும்தான். மாமனார் இப்போது கைத்தடியுடன் நடக்கிறார், குழாயும் எடுத்தாயிற்று.

நடக்க முடியாதவரை அழைத்து வருவோர் பக்கவாட்டு வாசலுக்கு வண்டியை விடவும்; முன்வாசலில் படிகள் மட்டுமே உள்ளன.