துரை பங்களா கிராமபோன் என்று சொன்னால் காடியைத் திருப்பிவிடுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் "வீட்டைக் காலி பண்றோம், பழைய சாமான் விற்பனை" என்று உங்கள் வாட்ஸ்அப்புக்குப் படம் வந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 1,800 வெள்ளியை (ரிங்கிட்) கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பத்து வருசமாகப் பழைய பொருள் சேர்க்கிறேன். ரப்பர் பால் வெட்டும் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, தாத்தா பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த காண்டாக் கம்பு, பித்தளைத் தூக்குச்சட்டி, இந்த மாதிரி தோட்டத்துச் சாமான்கள்தான். ஞாயிறு காலை ஈப்போவின் பழைய சாமான் சந்தையான பாசார் காராட்டில் சுற்றுவேன். பழந்துணி விற்கும் பண்டல் கடைகளில் துணிமூட்டைக்கு அடியில் கிடக்கும் தட்டுமுட்டுகளைக் கிளறுவேன். பத்து இருபது வெள்ளி ஏமாந்தது உண்டு. அதற்கெல்லாம் யாரும் பதிவு போடுவதில்லை.

படம் பார்த்துப் போன அந்த வீடு கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீடு என்றார்கள். வாசலில் மேசை போட்டு, சிகரெட் சுட்ட ஓட்டையோடு ஒரு பச்சை விரிப்பு. அதன்மேல் ஒரு கிராமபோன்: எட்டுப்பட்டைப் பெட்டி, பளபளவென்று பித்தளைக் கொம்பு, பெட்டி முகப்பில் நாய்ப் படம். விற்றவருக்கு அறுபது வயதிருக்கும், நல்ல பேச்சு.

"தம்பி, 1948-ல துரைகளைச் சுட்டாங்களே, அந்தக் காலத்துப் பொருள் இது. எங்கப்பா ஆபீஸ் கிராணி. துரையோட மேம் சீமைக்குக் கப்பல் ஏறுறப்ப அவர் கையில கொடுத்துட்டுப் போனாங்க."

இங்கேதான் விழுந்தேன். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளை, அதாவது தோட்ட நிர்வாகிகளை, கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. ஊரடங்கு, முள்வேலி, கேட்டில் நிறுத்திச் சோற்றுச்சட்டியைத் திறந்து பார்த்தது எல்லாம் என் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வருசத்தைச் சொன்னதும் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு ரிகார்டு போட்டுக் காட்டினார். கரகரவென்று நாதஸ்வரம். முடிந்ததும் மறுபக்கம் திருப்பி, அதே துருப்பிடித்த ஊசியை வைத்தார். அரக்கு ரிகார்டுக்கு இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். இத்தனை வருசம் கிராமபோன் வைத்திருந்த வீட்டில் இது தெரியாமல் இருக்குமா? அப்போது எனக்கு உறைக்கவில்லை. 2,500 கேட்டார், 1,800-க்குப் படிந்தது. "பேங்கில போட்டா தங்கச்சிங்க பங்கு கேட்பாங்க தம்பி, ரொக்கமா கொடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். ரசீதும் கேட்கவில்லை.

ஈப்போவில் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் கொம்பைத் தொடக்கூட இல்லை. பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தார். "ஸ்குருவைப் பாருங்கண்ணே" என்றார். நாலும் கூட்டல் குறி போட்ட தலை. அந்த வகை ஸ்குரு புழக்கத்துக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். கொம்பு வைத்த கிராமபோன் அதற்கு முன்பே பழசாகிப் போன சரக்கு. அடிப்பலகை புது பிளைவுட், மேலே கறுப்புச் சாயம், விரலால் தேய்த்தால் ஒட்டுகிறது. நாய்ப் படம் வெறும் ஸ்டிக்கர், ஓரத்தில் நகம் வைத்தால் எழும்புகிறது. கொம்பிலிருந்து ஊசிக்கு வரும் குழாய் பைப்பு வேலை செய்பவர் வளைத்ததுபோல் தடிமனாக இருந்தது. உள்ளே இருந்த சுருள்வில் மோட்டார் மட்டும் நிஜமாகவே பழசு, ஏதோ சூட்கேஸ் கிராமபோனிலிருந்து கழற்றியதாம். இந்தியாவில் இப்படிச் செய்து உலகம் பூராவும் விற்கிறார்கள் என்றார். அலங்காரச் சாமான் என்று சொல்லி முந்நூறு வெள்ளிக்கு விற்றால் தப்பே இல்லை.

அதே மேசையில் 80 ரிங்கிட்டுக்கு ஒரு வெள்ளி டாலர் நாணயமும் வாங்கியிருந்தேன், 1902 என்று போட்டு, மூன்று முனை ஈட்டியோடு பிரிட்டானியா என்ற பெண் உருவம் நிற்பது. அசல் 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. வீட்டுக்காரி மாவு நிறுக்கும் தராசில் வைத்தால் 22-ஐத் தாண்டவில்லை. ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் காட்டினேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது.

திரும்பிப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் சொன்னார், அது வாடகை வீடாம், வெள்ளிக்கிழமை ராத்திரி லோரியில்தான் சாமான் வந்து இறங்கியதாம். விற்றவரைப் போனில் பிடித்தபோது, "நான் கடைக்காரன் இல்ல தம்பி, பிடிச்சுதானே வாங்குனீங்க?" என்று வைத்துவிட்டார்.

அந்தக் 'கடைக்காரன் இல்லை' வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், மூன்று வருசத்துக்குள். ஆனால் விற்றவர் வியாபாரியாக இருக்கவேண்டும். வீட்டுச் சாமானை விற்கும் தனி ஆள் என்றால் அங்கே வேலைக்கு ஆகாது. அவர் வியாபாரி என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. போலீஸ் புகார் கொடுத்து வைத்திருக்கிறேன், பார்ப்போம்.

போகத்தான் வேண்டும் என்றால் ஒரு காந்தமும் டார்ச்சும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கவிழ்க்க விடாவிட்டால் கிளம்பிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், பொருளின் வயதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

போன வாரம் கோலகங்சாரிலிருந்து ஒரு நண்பர் படம் அனுப்பினார், வாங்கலாமா என்று கேட்டு. இந்த முறை ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் வீடாம். கொம்பு வேறு, பெட்டி வேறு. பச்சை விரிப்பில் அந்த சிகரெட் ஓட்டை மட்டும் அதே இடத்தில் இருந்தது.