மாட்ரிட் பிராடோ, அறை 67: கோயாவின் கறுப்பு ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பிராடோ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் பலர் நேராக, ஸ்பானிய ஓவியர் கோயா முதுமையில் தீட்டிய கறுப்பு ஓவியங்கள் தொங்கும் தரைத்தளத்து 67ஆம் அறைக்குப் போய்விடுகிறார்கள். தன் பிள்ளையையே கடித்துத் தின்னும் 'சாட்டர்ன்' அங்கேதான் இருக்கிறது. (பெயர் சனிக்கோளுக்குரியதுதான், ஆனால் இவர் நம் சனீஸ்வரன் இல்லை, ரோமானியர்களின் கடவுள்.) இப்படி ஓடுவது நஷ்டம். முதலில் 2ஆம் தளத்துக்கு ஏறுங்கள்.

அரண்மனைத் திரைச்சீலைகளை நெய்வதற்காக இளவயதுக் கோயா தீட்டிக்கொடுத்த மாதிரி ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. குடை நிழலில் பெண், கண்ணாமூச்சி ஆட்டம், நல்ல வெயில். கூடவே 'சான் இசிட்ரோ புல்வெளி' என்று 1788இல் தீட்டிய சின்னப் படம் ஒன்று. அகலம் சுமார் 91 செ.மீ. தான். மாட்ரிட்டின் காவல் புனிதர் சான் இசிட்ரோவின் திருவிழாக் கூட்டம், நடுவில் மான்சனாரெஸ் ஆறு, எதிர்க்கரையில் மாட்ரிட் நகரம். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கி, 67இல் 'சான் இசிட்ரோ யாத்திரை'யைத் தேடுங்கள். அதே திருவிழாதான். முப்பது வருடங்களுக்குப் பிறகு அது நான்கு மீட்டருக்கும் மேல் நீண்ட இருட்டாகிவிட்டது. கிதாரோடு ஒருவன், அவனைச் சுற்றி வாய் பிளந்து நெருக்கியடிக்கும் முகங்கள். சாட்டர்னைவிட இதுதான் அதிகம் மிரட்டுகிறது. ஒப்பிட மேல்தளத்துப் படம் மனதில் இருந்தால் மட்டும்.

கறுப்பு ஓவியங்கள் யாரும் கேட்டு வரைந்தவை அல்ல. 1792-93இல் வந்த நோயில் கோயாவுக்குக் காது போயிற்று. எழுபதைத் தாண்டிய பிறகு, 1819இல், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீடு வாங்கினார். அதற்குச் 'செவிடர் வீடு' என்று பெயர்; அது முன்பு அங்கே இருந்தவரால் வந்தது, கோயாவால் அல்ல. அந்த வீட்டின் இரண்டு தளச் சுவர்களிலும் இந்த 14 ஓவியங்களைத் தீட்டினார். தலைப்பு எதையும் அவர் வைக்கவில்லை. இன்று பலகையில் வாசிக்கும் பெயர்களெல்லாம் பிறர் சூட்டியவை. அதனால் பெயரை வாசிக்கும் முன் படத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது கோயா விட்டுச்சென்ற அதே பரப்பு அல்ல. வீட்டை வாங்கிய பாரன் டெர்லாஞ்சே சொல்லி, 1874 முதல் மார்ட்டினெஸ் குபெல்ஸ் என்ற சீரமைப்பாளர் ஓவியங்களைச் சுவரிலிருந்து பிரித்துத் துணிக்கு மாற்றினார். ஈரச் சுண்ணாம்பில் ஊறிப் பிடித்த வண்ணம் என்றால் ஓரளவு தாங்கியிருக்கும். இது காய்ந்த சுவரில் பூசியது. பல இடங்களில் உதிர்ந்தது, உதிர்ந்த இடங்களை அவர் தன் கையால் நிரப்பினார். 'சூனியக்காரிகளின் கூட்டம்' வலப்பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் இழந்துவிட்டது. இன்னொரு படத்தில் தடியால் அடித்துக்கொள்ளும் இருவர் முழங்கால்வரை சேற்றில் புதைந்து நிற்பதாகத் தோன்றுகிறதே, பிரிப்பதற்கு முன் லாரன்ட் என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்தில் அவர்கள் புல்லில் நிற்கிறார்கள். ஓட முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் என்ற அந்தத் திகிலில் பாதி, பழுதுபார்த்ததில் வந்தது!

அறையின் பெரிய குறை அடுக்கிய விதம். இரண்டு தளங்களில் பிரிந்திருந்தவை இங்கே ஒரே அறையில் கண்மட்டத்தில் தொங்குகின்றன. சாப்பாட்டு நேரத்திலும் இவற்றுக்கு நடுவே ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பது உறைக்காது. கறுப்புப் பரப்பில் விளக்கு பட்டுப் பளபளக்கும். நேர் எதிரே நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். நீளப் படங்களுக்கு முதலில் நான்கைந்து மீட்டர் பின்னால், பிறகு முகம் முகமாக அருகில். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

'நாய்' படத்தைக் கடைசியாக வையுங்கள். 131.5 செ.மீ. உயரத்தில் பெரும்பகுதி வெறும் மஞ்சள் பழுப்பு. கீழே ஒரு சரிவுக்கு மேல் தலை மட்டும், மேலே பார்க்கும் கண். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் கூட்டம் அதிகமிருந்தால் இதைப் பார்க்கும் அனுபவம்தான் முதலில் கெட்டுப்போகும்.

அதனால்தான் இலவச நேரத்தைத் தவிர்க்கச் சொல்கிறோம். திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8, ஞாயிறு 5 முதல் 7. வாசலில் வரிசை நீளும், உள்ளே அவசரம். சீட்டு 15 யூரோ அளவில். இணையத்தில் முன்பதிவு செய்து காலை 10 மணிக்குத் திறக்கும்போதே போங்கள். படம் பிடிக்க அனுமதி இல்லை, பெரிய பையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். சிறு குழந்தைகளை 67க்குக் கூட்டிப்போக வேண்டாம். சாட்டர்னின் கையில் இருப்பது தலையில்லாத உடல், நேரில் அந்தப் படம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். ஓவியர் பாஷ் தீட்டிய நரகமும் ஓவியர் புரூகலின் 'மரணத்தின் வெற்றி'யும் இதே தளத்தில்தான். தெம்பு இருந்தாலும் அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.