ஸ்கெட்ச் நைட்டா, கண்காட்சி வார டின்னரா, வருஷத்துக்கு ஒரு ட்ரிப்பா? ஆசியாவில் வெளியூர் கேம் ஆர்ட்டிஸ்டுகளைக் கூட்ட மூன்று வழிகள்

டோக்கியோ, சியோல், ஷாங்காய், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று வேலைக்காகப் போய்க் குடியேறிய கேம் ஆர்ட்டிஸ்டுகளை ஒரே மேஜையில் உட்கார வைக்க நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. இருக்கிற ஊரிலேயே மாதம் ஒருமுறை ஸ்கெட்ச் நைட், அதாவது கூடி உட்கார்ந்து படம் வரையும் மாலை. பெரிய கேம் கண்காட்சி நடக்கும் வாரத்தில் ஒரு டின்னர். அல்லது வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு வார இறுதியில், எல்லோரும் விமானம் ஏறி ஓர் ஊருக்கு வருவது.

மூன்றையும் எடைபோட்டு ஸ்கெட்ச் நைட் பக்கம் போனவர்கள் எழுதும் அலசல் இது; தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். கணக்கெல்லாம் 12 முதல் 25 பேர் வரும் கூட்டத்துக்கு. 70 பேர் என்றால் ஹால், மைக், ஸ்பான்சர் என்று அது வேறு வேலை, இங்கே சொல்வதில் பாதி அதற்குப் பொருந்தாது.

கண்காட்சி வாரம்

முதல் பார்வைக்கு இதுதான் லாபமாகத் தெரியும். டோக்கியோ கேம் ஷோ செப்டம்பரில் மகுஹாரி மெஸ்ஸெயில்; ஜி-ஸ்டார் நவம்பரில் பூசான் பெக்ஸ்கோவில்; கேம்ஸ்காம் ஏஷியா 2024 வரை சிங்கப்பூரில், 2025இல் தாய்லாந்து கேம் ஷோவோடு சேர்ந்து பாங்காக்கில். கம்பெனி செலவில் ஆட்கள் ஊருக்கு வந்துவிடுகிறார்கள், நாம் மேஜை போட்டால் போதும் என்று தோன்றும்.

ஆனால் கம்பெனி யாரை அனுப்புகிறது? புரொட்யூசர், பிசினஸ் டெவலப்மென்ட், மார்க்கெட்டிங். கேமில் வரும் இடங்களை உருவாக்கும் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட் அந்த நேரத்தில் ஆபீஸில் பாறைக்கு டெக்ஸ்சர் போட்டுக்கொண்டிருப்பார். கொரியாவில் ஸ்டுடியோக்கள் அடர்ந்து கிடப்பது சியோலுக்குத் தெற்கே பாங்யோவில், கண்காட்சி பூசானில். சியோலிலிருந்து கே.டி.எக்ஸ். அதிவேக ரயிலிலேயே சுமார் இரண்டரை மணி நேரம். வியாழக்கிழமை லீவு போட்டு யாரும் வரமாட்டார்கள். ஆக, ஆர்ட்டிஸ்ட் கூட்டம் என்று கூப்பிட்டால் விசிட்டிங் கார்டு கூட்டம்தான் கூடும்.

டோக்கியோவில் இதற்கு மேல் சில சின்னக் கண்ணிகளும் உண்டு. மகுஹாரியிலிருந்து கெய்யோ ரயில் லைனில் டோக்கியோ ஸ்டேஷன் வந்தாலும், அந்த லைனின் பிளாட்ஃபார்ம் மற்றவற்றிலிருந்து வெகு தூரம். வெளியே வரவே பத்து, பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். 7 மணி என்று அறிவித்தால் 7:40க்குத்தான் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். இஸகாயாவில் (ஜப்பானிய மது, சாப்பாட்டுக் கடை) முன்பே விலை பேசிய பார்ட்டி கோர்ஸ் என்றால் பெரும்பாலும் 2 மணி நேரம், கடைசி ஆர்டர் முடிவுக்கு அரை மணி முன்பு. அந்த 40 நிமிடம் போனது போனதுதான். தலைக்கு 4,000, 5,000 யென் ஆகும் அந்தக் கோர்ஸுக்குத் தலைக்கணக்கை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். வராதவர் காசு கூட்டத்தைக் கூட்டியவர் தலையில். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் பேபே என்ற ஜப்பானியப் பணச் செயலி இருக்காது, அதற்கு ஜப்பான் மொபைல் எண் வேண்டும். எனவே வாசலிலேயே ரொக்கமாக வாங்குங்கள். 4,500 என்று வைக்காதீர்கள், சில்லறைக்கு அலைவீர்கள். ஒரே நோட்டாக 5,000 வைத்து மீதிக்கு இனிப்பு வாங்கிவிடலாம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வேலை தேடுபவருக்கும், பிற கம்பெனிகளுக்கு வேலை செய்து தரும் அவுட்சோர்ஸ் ஸ்டுடியோவில் இருப்பவருக்கும் கண்காட்சி வாரம் உபயோகமானதுதான். இரண்டு வருஷமாகப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பும் ஆர்ட் டைரக்டரை நேரில் பார்க்க வேறு வாய்ப்பு கிடைப்பது அரிது.

வருஷத்துக்கு ஒரு ட்ரிப்

கூட்டத்தின் சந்தோஷம் என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. ஏற்பாடு செய்பவரின் சந்தோஷம் என்று பார்த்தால் இதைவிட மோசமும் இல்லை. ஊர் கோலாலம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் அனுமதி (காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை, டிக்கெட் போடும் முன் பாருங்கள்), சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடலாம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் அரைவல் கார்டு நிரப்ப வேண்டும். ஜப்பானிலிருந்து வருபவர் கிளம்பும்போது விமான நிலையப் படிவத்தில் ஸ்பெஷல் ரீ-என்ட்ரி (திரும்பி வருவேன் என்பதற்கான) கட்டத்தில் டிக் போட மறந்தால் ரெசிடென்ஸ் ஸ்டேட்டஸே, அதாவது ஜப்பானில் தங்கும் அனுமதியே, போய்விடும். குழுவில் ஒருவருக்கு இப்படி ஆனாலும் ட்ரிப் பாழ்.

இதெல்லாம் கவனமாக இருந்தால் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாதது லீவும் சம்பளமும். ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்து 6 மாதம் கழித்துத்தான் 10 நாள் சம்பளத்தோடு கூடிய லீவு சட்டப்படி கிடைக்கும். சிங்கப்பூரில் முதல் வருஷத்துக்குச் சட்டம் சொல்வது 7 நாள். அதை ஊருக்குப் போக வைத்திருப்பார்களா, நம்மோடு படம் வரைய வைத்திருப்பார்களா? ஹோ சி மின் நகரில் ஜூனியராக இருப்பவருக்கும் டோக்கியோவில் லீடாக இருப்பவருக்கும் ஒரே ஹோட்டல் வாடகை ஒரே பாரமாக இருக்காது. இரண்டாவது வருஷம் லீடுகள் மட்டும் வருவார்கள். ஐந்தாறு நெருங்கிய நண்பர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். பொதுச் சந்திப்பாக இது நிற்காது.

ஸ்கெட்ச் நைட்

மாதத்தின் மூன்றாம் வியாழன், 7:30 முதல் 10 வரை. கிழமை மாறக் கூடாது. ஓட்டெடுப்பு வைத்துத் தேதி முடிவு செய்யும் கூட்டம் நாலாவது மாதம் ஓட்டெடுப்போடு நின்றுவிடும். வெள்ளி வேண்டாம், கடையில் இடம் கிடைக்காது. ஜப்பானில் பல கம்பெனிகளுக்குச் சம்பள நாள் 25 என்பதால் அதையொட்டிய வெள்ளி இன்னும் மோசம். மாதக் கடைசியும் வேண்டாம், கெடுவுக்குள் கேமின் ஒரு பதிப்பை முடித்துக் கொடுக்கும் மைல்ஸ்டோன் பில்டு இருக்கும் ஆட்கள் வரமாட்டார்கள்.

இடம் தேடும்போது சாப்பாட்டைப் பார்க்காதீர்கள், மேஜையையும் வெளிச்சத்தையும் பாருங்கள். இஸகாயா இதற்கு லாயக்கில்லை: மஞ்சள் வெளிச்சம், தட்டுகளுக்கு நடுவே ஸ்கெட்ச்புக் வைக்க இடமில்லை, எதைத் தொட்டாலும் ஈரம். டோக்கியோவில் ரெனுவார் போன்ற காபிக் கடைகள் மணிக்கணக்கில் மீட்டிங் ரூம் வாடகைக்கு விடுகின்றன, அது சரிப்படும். கரோக்கே அறையில் பிளக் பாயின்ட் உண்டு, ஆனால் மேஜை முழங்கால் உயரத்தில். சிங்கப்பூரில் ஹாக்கர் சென்டரில் (பல சாப்பாட்டுக் கடைகள் கொண்ட பொதுக் கூடம்) வாடகை இல்லை, முன்பதிவும் இல்லை. 7 மணிக்கு 15 பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் பிடிப்பது நடக்காது, எட்டரைக்கு மேல் நடக்கலாம். கோலாலம்பூரில் மாமாக் கடையைவிட (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நல்ல இடம் கிடையாது. நீள மேஜை, இரவு நெடுநேரம் திறந்திருக்கும், யாரும் எழுப்பமாட்டார்கள், தலைக்கு மேல் வெள்ளை ட்யூப்லைட். லைட்டிங் ஆர்ட்டிஸ்டுகள் அந்த வெளிச்சத்தைத் திட்டுவார்கள், ஆனால் கோடு தெளிவாகத் தெரியும். தே தாரிக் (ஆற்றிய பால் டீ) கிளாஸின் வட்டக் கறை எல்லாத் தாளிலும் விழும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் இருக்க வேண்டியவை: மேஜை முழுக்க விரிக்க பிரவுன் பேப்பர் ரோல் ஒன்று, 2பி பென்சில் இருபது, 0.3 ஃபைன்லைனர் பத்து, ஏ4 தாள் நூறு, மெழுகுக் களிமண் ஒரு கிலோ. களிமண் 3டி ஆட்களுக்காக. 'எனக்கு வரைய வராது' என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்ளும் மாடலர் கையில் ஓர் உருண்டையைக் கொடுத்துவிட்டால் ஒன்பதரைக்கு மேஜையில் ஒரு தலை நிற்கும்.

முதல் ஒரு மணி நேரம் தாள் மட்டும். டேப்லெட்டைத் திறந்தால் ஆள் லேயருக்குள் போய் ஒளிந்துகொள்வார், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு இராது. ஒருவர் அசையாமல் நிற்க மற்றவர்கள் வரையும் ஒரு நிமிடப் போஸ் பத்து, ஐந்து நிமிடப் போஸ் நாலு. பிறகு மடிப்பு விளையாட்டு. ஏ4 தாளை மூன்றாக மடித்து, முதல் ஆள் தலை, அடுத்தவர் உடல், மூன்றாமவர் கால், ஆளுக்கு நாலு நிமிடம். மடிப்புக் கோட்டைத் தாண்டி அரை சென்டிமீட்டர் கோட்டை இழுத்துவிடச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்தவருக்கு எங்கே சேர்ப்பது என்று தெரியாது, விளையாட்டு அங்கேயே செத்துவிடும்.

வெற்றுத் தாளில் ஆரம்பிப்பதில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. இந்தத் தொழிலில் என்.டி.ஏ. என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தம் எல்லார் வாயையும் கட்டிவைத்திருக்கிறது. அவுட்சோர்ஸ் ஸ்டுடியோக்காரர் எந்த கேமுக்கு வேலை செய்கிறோம் என்று பெயரைக்கூடச் சொல்ல முடியாது. போர்ட்ஃபோலியோ காட்டும் கூட்டம் என்றால் மூன்று வருஷ வேலையில் ஒரு படமும் காட்ட முடியாமல் உட்கார்ந்திருப்பார். ஸ்கெட்ச் நைட்டில் எல்லோருக்கும் கையிருப்பு பூஜ்யம்தான். பெயர் அட்டையில் கம்பெனி வேண்டாம்: பெயர், கீழே 'கேரக்டர்', 'வி.எஃப்.எக்ஸ்.', 'யு.ஐ.', 'டெக் ஆர்ட்' என்று துறை, போதும். ஆள் எடுக்க வருபவர் மட்டும் 'ரெக்ரூட்டர்' என்று எழுதியே ஆக வேண்டும்.

கெடுவது எங்கே? ஒரே ஸ்டுடியோவிலிருந்து எட்டுப் பேர் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அவர்கள் பிராஜெக்ட் கதையையே பேசுவார்கள். சீட்டுக் கட்டைக் கலைத்து வாசலில் ஆளுக்கொன்று கொடுங்கள், ஒரே சின்னம் வந்தவர்கள் ஒரு மேஜை. வருகிறேன் என்று 20 பேர் சொன்னால் 14 நாற்காலிக்கு இடம் சொல்லுங்கள். அழைப்பை ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் உள்ளூர் ஆர்ட்டிஸ்ட் வரமாட்டார். அப்புறம் அது வெளியூர்க்காரர்கள் புலம்பும் மேஜையாகிவிடும். 'ட்ரிங்க் அண்ட் ட்ரா' என்று பெயர் வைப்பதையும் தவிர்க்கலாம், கோலாலம்பூரில் மது என்று நினைத்து அந்தப் பெயரைப் பார்த்தே பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள்.

நடத்துபவர் ஊரை விட்டுப் போனால்?

இதுவரை சொன்னதெல்லாம் ஒருபுறம். எங்களை ஒரு பக்கமாகத் தள்ளியது இந்த ஒரு கேள்விதான்.

வெளியூர் கேம் ஆர்ட்டிஸ்டின் இருப்பு கம்பெனி கொடுத்த விசாவில் தொங்குகிறது. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்கலாம், அவ்வளவுதான். ஜப்பானில் வேலையை விட்டால் 14 நாளுக்குள் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும்; மூன்று மாதம் அந்த வேலை செய்யாமல் இருந்தால் ஸ்டேட்டஸை ரத்து செய்ய இடமுண்டு. கேம் வெளியானதும் டீமைக் கலைக்கும் தொழில் இது. ஆக, கூட்டத்தை ஆரம்பித்தவர் இரண்டு, மூன்று வருஷத்தில் போய்விடுவார் என்றே வைத்துக் கணக்குப் போட வேண்டும். போவதற்கு முன் அவர் கையில் இருப்பது சில சமயம் ஒரு மாதம்தான். அதிலும் வீட்டைக் காலி செய்வதா, உங்களுக்குப் பாஸ்வேர்டு தருவதா?

கண்காட்சி டின்னரைக் கை மாற்றுவது கஷ்டம். அது ஒருவரின் பரிச்சயத்தில் நடப்பது, அடுத்த வாய்ப்பு ஒரு வருஷம் கழித்து, அதற்குள் பட்டியலில் பாதிப் பேர் கம்பெனி மாறியிருப்பார்கள். வருஷ ட்ரிப்பில் ஹோட்டல் முன்பணம் ஒருவரின் கிரெடிட் கார்டில் கிடக்கும். ஸ்கெட்ச் நைட் என்பது ஒரு கிழமை, ஒரு கடை, ஒரு பெட்டி. பத்து நிமிடத்தில் கொடுத்துவிடலாம், முதலிலேயே அப்படி அமைத்திருந்தால்.

அமைப்பதில் பெரும்பாலோர் சறுக்குவது போன் எண்ணில். பொது மெயில் ஒன்று திறப்பார்கள், சரி; அதன் சரிபார்ப்பு எண் ஆரம்பித்தவரின் உள்ளூர் சிம்முக்குப் போகும். ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்த சிம் ரத்து. அதோடு மெயில், காலண்டர், அழைப்புப் பக்கம் எல்லாம் பூட்டிக்கொள்ளும். எஸ்.எம்.எஸ். வேண்டாம், சரிபார்ப்பு எண் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியை இரண்டு பேர் போனில் ஏற்றுங்கள், மாற்றுச் சரிபார்ப்பு எண்களை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு இரண்டாமவர் வீட்டில் வையுங்கள். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஓனர் உரிமையை மாற்றாமல் குழுவை விட்டு வெளியேற முடியாது, ஆனால் கணக்கையே மறந்துவிட்டவரிடமிருந்து அதை வாங்குவது பெரும் பாடு. அழைப்பு லிங்க் இயல்பாக 7 நாளில் காலாவதி. 'எப்போதும்' என்று மாற்றிய பிறகே போஸ்டரில் போடுங்கள். சீனாவில் டிஸ்கார்டு திறக்காது, வீசாட்தான். அங்கே குழுவின் க்யூ.ஆர். கோடும் 7 நாள்தான், 200 பேரைத் தாண்டினால் கோடு வழியே சேரவே முடியாது. கூட்டங்களை அறிவிக்கும் மீட்டப் தளத்தில் சந்தா கட்டும் ஆள் விலகி, யாரும் ஏற்காவிட்டால் குழுவே மூடப்படும்.

பணம் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சிங்கப்பூரில் பணம் அனுப்பும் வசதியான பேநவ் ஒருவரின் போன் எண்ணிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கும். கணக்கை மூடினால் குழுப் பணத்தை யார் வைத்துக்கொள்வது என்று மனஸ்தாபம். அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர், அறை வாடகை அன்றிரவே வகுத்துக் கணக்குத் தீர்த்துவிடுவது. டிக்கெட் போட்டு லாபம் வைத்தால் வேறு தொல்லையும் வரும்: ஜப்பானில் வேலை விசாவுக்கு வெளியே சம்பாதிக்கத் தனி அனுமதி வேண்டும், சிங்கப்பூரிலும் பாஸில் எழுதியிருக்கும் கம்பெனிக்குத்தான் வேலை செய்யலாம். யாரும் காசு வாங்காத கூட்டத்துக்கு இந்தக் கேள்வியே எழாது.

கடையில் முன்பதிவை ஆள் பெயரில் சொல்லாமல் 'ஸ்கெட்ச்' என்றே சொல்லிப் பழக்குங்கள். ஜப்பானில் கான்ஜி (ஏற்பாட்டாளர்) யார், போன் எண் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே இரண்டு எண்களையும் கொடுங்கள். பெட்டி ஆரம்பித்தவர் வீட்டில் இருக்கவே கூடாது. மூடியின் உட்புறம் ஒரு பக்கத் தாள் ஒட்டியிருக்கட்டும்: கிழமை, கடை, யாரிடம் பேசுவது, எத்தனை நாற்காலி, போஸ்களின் வரிசை, போட்டோ எடுக்கும் முன் கேட்க வேண்டும் என்பது.

இரண்டாம் மாதமே ஒரு துணை ஆளைப் பிடித்துவிட்டு, மூன்றாம் மாதம் ஆரம்பித்தவர் வேண்டுமென்றே வீட்டில் இருக்க வேண்டும். அன்றிரவு அவருக்கு வரும் ஒவ்வொரு மெசேஜும் அந்த ஒரு பக்கத்தில் விட்டுப்போன ஒரு வரி. முதலில் வருவது பெரும்பாலும் 'பேப்பர் ரோல் எந்தக் கடையில் வாங்கினது?'