டொர்னாடோ வரைபடத்துக்கு லீஃப்லெட்டா, மேப்லிப்ரேயா?

பெங்களூரில் நம்ம தமிழ் கோடிங் பசங்க கூடினாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இரண்டுமே வலைப்பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள். லீஃப்லெட் எளிது, ஒரு வருடத்து டொர்னாடோக்களைக் காட்ட அதுவே போதும். ஆனால் அமெரிக்கப் புயல் கணிப்பு மையம் 1950 முதல் தருகிற மொத்தத் தடங்களையும் ஒரேயடியாகப் போட்டால், ஒவ்வொரு கோட்டையும் எஸ்விஜி என்ற பட வடிவத்தில் தனித்தனியாக வைப்பதால் லீஃப்லெட் திணறும், எல்லாவற்றையும் ஒரே படமாக வரைகிற கேன்வாஸுக்கு மாற்றினாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும். மேப்லிப்ரே, கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்துகிற வெப்ஜிஎல்லில் வரைகிறது. வருட ஸ்லைடரை இழுக்க இழுக்க ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதும். என் ஓட்டு அதற்குத்தான்.

அப்புறம், எதை எடுத்தாலும் சரி, தரவில் முடிவுப்புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை 0,0 என்று (அதாவது பதிவாகாமல்) இருக்கிற வரிகளை முதலிலேயே பிரித்து வெறும் புள்ளியாகக் காட்டுங்கள், இல்லையென்றால் ஓக்லஹோமாவில் தொடங்கிய கோடு ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடல்வரை நீளும்.