மால்வண் மீனா, கோவா உர்ராக்கா?

மும்பை செம்பூரில் இருந்துகொண்டு, கடலோரச் சாப்பாட்டுக்கென்றே மூன்று நாள் லீவு போடுகிறவனுக்குக் கேள்வி ஒன்றுதான்: கொங்கண் ரயிலில் எங்கே இறங்குவது? குடாளில் இறங்கினால் மகாராஷ்டிராவின் மால்வண். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் திவிம், மட்காவ் வரும், கோவா. போன டிசம்பரில் மால்வண் போனேன், இந்த ஏப்ரலில் கோவா. அடுத்த வருடமும் கோவாவுக்குத்தான் டிக்கெட் போடுவேன்.

அறை வாடகை, கூட்டமில்லாத கடற்கரை, அமைதி எல்லாவற்றிலும் மால்வண்தான் ஜெயிக்கும். மீனில் போட்டியே இல்லை, இரண்டும் ஒரே கடல்.

மால்வண் சமையலைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அயிலையை அங்கே பாங்டா என்கிறார்கள். அதன் குழம்பில் திர்பள் என்ற ஒரு காயைத் தட்டிப் போடுகிறார்கள். ஆரஞ்சுத் தோல் வாசம், கடித்தால் நாக்கு லேசாக மரத்துப்போகும். கோழிக் குழம்புக்கு வடே என்ற பூரி. கடைசியில் கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இளஞ்சிவப்புப் பானம், சோல் கடி. வெல்லம் போட்ட தேங்காய்ப்பாலில் ஊறிய காப்ரோளியைப் பார்த்ததும் எங்கள் வீட்டு ஆப்பம் ஞாபகம் வந்துவிட்டது.

மூன்றாவது வேளைச் சாப்பாட்டில், கூட வந்த மச்சினன் சோல் கடி டம்ளரை வைத்துவிட்டு, "அத்தான், இதுக்குத் தாதர் போதுமே" என்றான்.

என் கணக்கை மாற்றியது அந்த ஒரு வாக்கியம்தான். கொங்கணத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர்களோடு அந்தச் சமையலும் மும்பைக்கு வந்துவிட்டது. லால்பாக், பரேல் பக்கம் கானாவள் என்னும் மெஸ்களில் அவர்களுக்குச் சோறு போட்ட பெண்களின் கைப்பக்குவம் இன்றும் தாதர் பக்கத்து மால்வணி கடைகளில் கிடைக்கிறது. மசாலா, கோகம், திர்பள் மூன்றும் காய்ந்த சரக்கு, ரயிலேறி வந்தாலும் கெடாது. சமையல் நம் ஊருக்கே வந்து சேர்ந்திருக்கும்போது, அதைத் தேடி ஒரு ராத்திரி ரயிலில் போவானேன்?

கோவாவிலிருந்தும் நிறைய வந்திருக்கிறது. சோரிஸ் என்ற பன்றித் தொத்திறைச்சி மாலை மாலையாக மும்பையில் தொங்குகிறது. மீனில் தடவும் ரெஷாது மசாலா பாட்டிலில் கிடைக்கிறது. உர்ராக் வரவில்லை.

உர்ராக் என்பது முந்திரிப்பழச் சாற்றின் முதல் வடிப்பு. சத்தரி தாலுகாவில், வால்பொய் பக்கம் ஒரு பட்டியில், அதாவது சாராயம் காய்ச்சும் கொட்டகையில், பார்த்தோம். பழத்தை மரத்திலிருந்து பறிப்பதில்லை, தானாக விழுந்ததைத்தான் பொறுக்குகிறார்கள். கல் தொட்டியில் போட்டு மிதிக்கிறார்கள். சாறு சர்க்கரையோ ஈஸ்ட்டோ சேர்க்காமல் தானே புளிக்கிறது. அதைச் செப்புப் பானையில் காய்ச்சி வடித்தால் சுமார் 15 சதவீத ஆல்கஹாலோடு உர்ராக். இன்னொரு முறை வடித்தால் 42 சதவீதத்துக்கு ஏறி ஃபெனி. முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயரும் புகழும் அதற்குத்தான். எனக்கு அதன் நெடி ஒத்துவரவில்லை.

உர்ராக்கில் லிம்கா ஊற்றி, உப்புப் போட்டு, கீறின பச்சைமிளகாய் ஒன்றைப் போட்டுத் தந்தார்கள். முதல் மடக்கில் எனக்குச் சாராயமே தெரியவில்லை. சின்ன வயதில் உடன்குடித் தேரியில் உப்புத் தொட்டுத் தின்ற கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம்தான் தெரிந்தது. தொண்டைக் காறல் மட்டும் இல்லை. அந்த மரத்தைப் பிரேசிலிலிருந்து கோவாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையிலும் அவர்கள் கால் பதித்தார்கள். ஆனால் எங்களுக்குக் கொல்லாம்பழம் ஆடு தின்னும் பழமாகவே இருந்துவிட்டது.

உர்ராக் மார்ச்சிலிருந்து மே வரைக்கும்தான். வைத்திருந்தால் ருசி போய்விடும். மறைத்து எடுத்து வரலாமே என்றும் நினைக்க வேண்டாம், பெர்மிட் இல்லாமல் கோவா மதுவை மகாராஷ்டிராவுக்குள் கொண்டுவருவது குற்றம். ஆகவே அங்கேயே, அந்த மாதங்களிலேயே குடித்தால்தான் உண்டு.

கோவாவில் குடியும் சாப்பாடும் ஒரே தென்னை மரத்திலிருந்தும் வருவது இன்னொரு அழகு. விண்டாலூ என்ற பெயரே வைனும் பூண்டும் என்ற போர்ச்சுகீசியச் சொற்களிலிருந்து வந்தது. வைன் இல்லாத ஊரில் அந்த இடத்துக்குத் தென்னங்கள்ளில் செய்த வினிகர் வந்தது. இட்லி மாதிரியான சன்னாவைப் புளிக்க வைப்பதும் கள்தான். ஆப்பமாவில் கள் விட்ட ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை, இப்போது சோடா உப்புதான். மாப்சா சந்தையில் ஒரு பாட்டில் தென்னை வினிகர் வாங்கினேன். அதற்கு எந்தப் பெர்மிட்டும் கேட்பதில்லை. அதை விட்டு அரைத்த ரெஷாதுவைச் சீலா மீனில் தடவிப் பொரித்தபோதுதான், இத்தனை நாள் கடைப்பாட்டிலில் வெறும் புளிப்பைத்தான் தின்றிருக்கிறோம் என்று தெரிந்தது.

சரி, திராட்சை வைன்? அங்கே போர்ட் என்று விற்கும் இனிப்புச் சிவப்பு வைன் இருமல் மருந்துக்கு ஒரு படி மேல், அவ்வளவே. வைனுக்காகப் போகிறவர் இரண்டையும் விட்டுவிட்டு நாசிக் போகட்டும்.

என் தீர்ப்பில் ஓட்டைகள் உண்டு. நான் பன்றி இறைச்சி தொடுவதில்லை. ஆகவே அசல் விண்டாலூவையும் சொர்பொத்தேலையும் பற்றி மச்சினன் தட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், தட்டு காலியாகத்தான் இருந்தது. தென்கோவாவின் தென்னை ஃபெனி ஒரே ஒரு வாய். மால்வணுக்கு டிசம்பரில் போனதும் கொஞ்சம் அநியாயம். ஏப்ரலில் போயிருந்தால் பக்கத்திலேயே தேவ்கட் மாம்பழம், இந்தக் கட்டுரையே தலைகீழாக எழுதப்பட்டிருக்கலாம்.

ஏப்ரல் பாதிக்குமேல் எங்கள் தூத்துக்குடிப் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிடும். மேற்குக் கரையில் மே 31 வரை படகு போகும். ஊரில் படகு போகாத அந்த இடைவெளியிலும் கோவாவில் உர்ராக்கும் மீனும் சேர்ந்து கிடைக்கும். பட்டிக்குப் போகிறவர்கள் வடிக்காத பச்சைச் சாறும் கேளுங்கள், நீரோ என்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினபின் அதை நீரோ என்று வீட்டில் சொல்லித் தப்பிக்க முடியாது.