கல்ச்சரா, பிசிஆரா? கிருமியின் பெயர் தெரிந்தால் போதுமா?

வயிற்றுப்போக்குக்கு மலப் பரிசோதனை என்றால் லேபில் இன்று இரண்டு வழி. ஒன்று பழைய கல்ச்சர், அதாவது மாதிரியைத் தட்டில் தேய்த்துவிட்டு கிருமி வளரும்வரை காத்திருப்பது. இன்னொன்று மல்டிபிளக்ஸ் பிசிஆர் பேனல், அதாவது பல கிருமிகளின் மரபணுவை ஒரே சமயத்தில் தேடும் பரிசோதனை. வேகத்தில் போட்டியே இல்லை. கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், பயோஃபயர் ஃபிலிம்அரே மாதிரியான பேனல் சுமார் ஒரு மணி நேரத்தில் 22 கிருமிகளைத் தேடிவிடும், சாதாரணத் தட்டில் வளரவே வளராத நோரோவைரஸும் அதில் அடக்கம். ஷிகெல்லா என்ற பாக்டீரியா வேறு நோஞ்சான் உடம்பு, மாதிரி லேபுக்குப் போய்ச் சேரத் தாமதமானாலே செத்துப்போகும். கல்ச்சர் அங்கே கோட்டை விடும், பிசிஆர் பிடித்துவிடும்.

சரி, பிடித்தாயிற்று. எந்த மருந்துக்குக் கேட்கும்? அந்தப் பேனலிடம் இதற்குப் பதில் கிடையாது. சிப்ரோஃப்ளாக்சசின் வேலை செய்யுமா, அசித்ரோமைசினா என்று பார்க்க, கிருமியை உயிரோடு வளர்த்து மருந்து வட்டுகளை வைத்துத்தான் ஆக வேண்டும். அதனால் பேனலில் சால்மொனெல்லாவோ ஷிகெல்லாவோ வந்தால் அதே மாதிரியைக் கல்ச்சருக்கும் போடச் சொல்வேன். இன்னொரு சிக்கல், பிசிஆருக்குச் செத்த கிருமியும் ஒன்றுதான், சும்மா குடலில் குடியிருக்கும் கிருமியும் ஒன்றுதான். நச்சைச் சுரந்து வயிற்றுப்போக்கைக் கிளப்பும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா விஷயத்தில் இது பெரிய தலைவலி: பிசிஆர் காட்டுவது நச்சுக்கான மரபணுவை, நச்சையே அல்ல. நச்சைத் தேடும் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்காமல் மருந்தைத் தொடங்கினால், நோயே இல்லாதவருக்கும் ஆன்டிபயாடிக் போகும்.

பூஞ்சைப் பக்கம் வந்தால் கதை வேறு, அங்கே பெயரைக் கண்டுபிடிப்பதே பாதிச் சண்டை. கேண்டிடா ஆரிஸை 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரித்தார்கள் (ஆரிஸ் என்றால் லத்தீனில் காது, ஆனால் ஆளைக் கொல்வது ரத்தத்தில் புகுந்துதான்). சர்க்கரை, நொதி என்று பார்க்கும் பழைய உயிர்வேதியியல் கருவிகள் இதை கேண்டிடா ஹெமுலோனி என்று தவறாகச் சொல்லிவிடும். புரத அச்சை வைத்து அடையாளம் காணும் மால்டி-டாஃப், தரவுத்தளம் புதுசாக இருந்தால் சில நிமிடத்தில் சரியாகச் சொல்லும். இங்கே பெயரே பாதி எச்சரிக்கை, ஏனென்றால் இதற்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பெரும்பாலும் கேட்காது. ஆனால் மால்டி-டாஃபுக்கும் முதலில் வளர்ந்த பூஞ்சை வேண்டும், ரத்தக் கல்ச்சரோ ஆழமான கேண்டிடா தொற்றில் ஏறக்குறைய பாதியைத் தவறவிடுகிறது.

அந்த ஓட்டையை அடைக்க, பூஞ்சையின் செல் சுவரில் இருக்கும் பீட்டா-டி-குளுக்கன் என்ற பொருளை ரத்தத்தில் தேடும் பரிசோதனையைச் சொல்வார்கள். நெகட்டிவ் என்றால் கேண்டிடாவை ஓரளவு ஒதுக்கலாம். பாசிட்டிவை நம்பி மட்டும் மருந்து தொடங்க எனக்கு மனசு வராது, டயாலிசிஸ் சவ்வு, இம்யூனோகுளோபுலின் ஊசி எல்லாம் பொய்யாக ஏற்றிக் காட்டும். மியூகர் வகைப் பூஞ்சை இதில் தெரியவே தெரியாது.

அப்புறம் படர்தாமரை. தோலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதை அடிக்க இன்னும் ஆளில்லை, மலிவு, உடனடி. படர்தாமரை மருந்தான டெர்பினாஃபினை ஒழுங்காகச் சாப்பிட்டும் போகவில்லையா? அந்த மருந்துக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதைத் தட்டில் பார்த்து அதன் சொந்தக்காரர்களிடமிருந்து பிரிப்பது கஷ்டம், மரபணு வரிசையைப் படிக்கும் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும்.