காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்

தியாகராய நகரில் காபிக் கருவிகள் விற்கும் ஒரு கடையில், காகிதம் தேவைப்படாத உலோக வடிகட்டி ஒன்றை 1,450 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. என்னிடம் பில் இல்லை. அது ஏன் இல்லை என்பதும் ஏமாந்த கதையில் சேர்ந்ததுதான்.

அப்பாவுக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடுதல். காபியை விடமாட்டார். காகிதத்தில் வடித்தால் காபியின் எண்ணெய்ப் பசை குறையும் என்று படித்து, பீங்கான் கூம்பும் தாள்களும் வாங்கி வைத்திருந்தேன். தாள் தீர்ந்ததும் அந்தக் கடைக்குப் போனேன்.

“எத்தனை நாளைக்குத் தாள் வாங்குவீர்கள் சார்? இது ஆயுளுக்கும் வரும்” என்று கடையிலிருந்த இளைஞர் பளபளக்கும் கூம்பு ஒன்றை எடுத்து வைத்தார். எண்ணெயைத் தடுக்குமா என்று கேட்டேன். “இரட்டை வலை சார். தாள் எதைத் தடுக்குமோ, அதை எல்லாம் இதுவும் தடுக்கும்.”

இது முதல் பொய். காபி எண்ணெயில் இருந்துகொண்டு கெட்ட கொழுப்பை ஏற்றுகிற கஃபெஸ்டால், காவியோல் என்ற இரண்டு பொருள்களையும் காகிதம் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். உலோக வலை, எத்தனை நெருக்கமாக இருந்தாலும், அவற்றைக் கோப்பைக்கு அனுப்பிவிடும். கூடவே கொஞ்சம் வண்டலும் வரும். வாய் நிறைந்த கனமான காபி பிடித்தவர்கள் அதற்காகவே உலோகத்தை வாங்குகிறார்கள். அப்படிச் சொல்லி விற்றிருந்தால் எனக்குக் குறையே இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1908இல் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டு, மகனின் நோட்டிலிருந்த ஒற்றுத்தாளை அதில் விரித்து வடித்ததே வண்டல் பொறுக்காமல்தான். தாளைக் கழித்துவிட்டால் மிச்சம் ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரம். அது அம்மாவின் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது!

இரண்டாவது பொய் இன்னும் சாமர்த்தியமானது. “304 ரகம் சார்” என்று எவர்சில்வரில் நல்ல தரம் ஒன்றைச் சொல்லி, மேசைக்கு அடியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வலையில் வைத்தார். ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நம்பி நான் மயங்கிவிட்டேன்.

முதல் வாரத் தொல்லைக்கு மட்டும் நானே பொறுப்பு. மயிலாப்பூரில் அரைத்து வாங்கிய சிக்கரி கலந்த தூளைப் போட்டேன். நான்கு நிமிடத்தில் இறங்க வேண்டிய தண்ணீர் கால் மணி நேரம் குளம் கட்டி நின்றது. சிக்கரி இல்லாத தூளைக் கொஞ்சம் பருமனாக அரைத்து வாங்கியதும் அது சரியாயிற்று. ஆறாவது வாரம், கூம்பின் பற்றவைத்த ஓரத்தில் வெற்றிலைக் காவி மாதிரிப் புள்ளிகள். தேய்த்தால் போயின, இரண்டு நாளில் திரும்பி வந்தன.

பாரிமுனையில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்யும் சித்தப்பாவிடம் எடுத்துப் போனேன். காந்தக் கதையைச் சொன்னதும் சிரித்தார். “காந்தம் எதைடா காட்டும்? 304இல் நிக்கல் எட்டு சதவீதம். 201, 202 ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைப் போட்டிருப்பான். இரண்டிலும் காந்தம் ஒட்டாது” என்றார். பரிசோதனைத் திரவம் ஒரு சொட்டை விளிம்பில் விட்டு, சின்ன பேட்டரியின் முனைகளை வைத்தார். மாங்கனீஸ் அதிகம் என்றால் அந்த இடம் சிவக்கும். சிவந்தது. இன்னொரு கூத்து: நல்ல 304 கம்பியை இழுத்துப் பின்னும்போது லேசாகக் காந்தம் பிடிக்கும் தன்மை வந்துவிடுவதும் உண்டாம். ஆகவே ஒட்டினால் கெட்டது என்றும் சொல்ல முடியாது. எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றில் மட்டமான ரகம் சீக்கிரமே பல்லைக் காட்டிவிடும்.

கடைக்குத் திரும்பினேன். “எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவியிருப்பீர்கள் சார்.” இல்லை என்றேன். “அப்படியானால் உங்கள் வீட்டுத் தண்ணீர்தான்.” 304 என்று சொன்னீர்களே என்றேன். “கம்பெனிக்காரன் சொன்னதைச் சொன்னேன்.” பிறகு பில்லைக் கேட்டார். பர்ஸிலிருந்து எடுத்துப் பார்த்தால், அது ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. வாங்கிய அன்று, “பில் போட்டால் வரி சேரும் சார்” என்றபோது தலையாட்டியது நான்தான். கைப்பேசியில் செலுத்திய பணமும் ஒரு தனிநபர் பெயருக்குப் போயிருக்கிறது.

சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை தொங்கியது. அதைக் கண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படியே. எனக்கு 30 நாள் தாண்டிவிட்டது. இருந்தாலும் பொய் சொல்லி விற்றதற்கு அந்த 30 நாள் கெடு கிடையாதே என்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறேன். பணம் செலுத்திய விவரத்தையும் சீட்டின் படத்தையும் சேர்த்தேன். இன்னும் பதில் இல்லை.

இதே போன்ற கூம்பு வாங்கப் போகிறவர்கள் ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் இறங்கி வந்துவிடுங்கள்.

அப்பாவுக்கு மறுபடியும் தாளில் வடித்துக் கொடுக்கிறேன். நேற்று ஒரு வாய் குடித்துவிட்டு, “வெந்நீர் நன்றாக இருக்கிறது, காபி எப்போது வரும்?” என்று கேட்டார்.